முகம் தெரியாத பங்களிப்பாளருக்கு வெளியீட்டு உரிமை தரலாமா?

ஏட்டுச்சுவடி:

வணக்கம். திஸ்கி, பாமினி போன்ற பழைய முறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். சில அச்சகங்களும் நூலகங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. கடந்த ஆண்டிலிருந்து புனைபெயரில் ஒருவர் தொடர்ந்து திருத்தங்கள் அனுப்புகிறார். அவருடைய நிரல் எங்கள் நிரலைவிடச் சுத்தமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இப்போது அவர் புதிய பதிப்புகளைத் தாமே வெளியிடும் உரிமையைக் கேட்கிறார். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பழைய கணக்கு, லிங்க்ட்இன் பக்கம், சொந்த டொமைனில் வலைத்தளம், பிறர் பாராட்டி இடும் நட்சத்திரங்கள் பெற்ற சில களஞ்சியங்கள் (நிரல் தொகுப்புகள்) என்று எல்லாமே அவரிடம் இருக்கின்றன. இவற்றில் எதை எவ்வளவு நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நாளை அவர் எங்களிடம் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவோம் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை.

வெண்ணாறு:

நண்பர் ஏட்டுச்சுவடி கூறிய அடையாளங்களில் பெரும்பாலானவை விலைக்குக் கிடைப்பவை என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய கணக்குகளை விற்கிறார்கள், நட்சத்திரங்களை விற்கிறார்கள், லிங்க்ட்இன் பக்கத்தில் எந்த நிறுவனத்தில் வேலை பார்த்ததாகவும் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் ஒரு கமிட்டின் (ஒரு மாற்றப் பதிவின்) ஆசிரியர் பெயரும் மின்னஞ்சலும் வெறும் எழுத்துகள். உங்கள் பெயரை என் கணினியின் அமைப்பில் எழுதிவிட்டு, உங்கள் பெயரிலேயே நான் கமிட் செய்ய முடியும். ஆகவே முதலில் அவருடைய கமிட்டுகளில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறதா, எல்லாம் உரியவர் மட்டுமே வைத்திருக்கும் ஒரே மறைச்சாவியால் இடப்பட்டவையா என்று பாருங்கள். கிட்ஹப் 2016 முதல் பிஜிபி என்ற குறியாக்க முறையின் கையொப்பங்களையும், 2022 முதல் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) சாவியால் இடும் கையொப்பங்களையும் சரிபார்த்துக் காட்டுகிறது. ஆனால் அது காட்டும் பச்சைக் குறி, அந்தச் சாவி அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கணக்கின் பின்னால் இருப்பவர் நல்லவர் என்று அது எங்கும் சொல்லவில்லை.

அடுத்து, வலைத்தளத்தின் பழைய வடிவங்களை, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடிப் பாருங்கள். தளத்தின் முதல் பக்கங்கள் எப்போது சேமிக்கப்பட்டன, நடுவில் பொருள் திடீரென்று மாறியதா என்பவை தெரியவரும். காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய மதிப்பில் குளிர்காய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட தளத்தின் பழைய பக்கங்கள் முற்றிலும் வேறு ஆளுடையதாக இருக்கும். களஞ்சியங்களைப் பொறுத்தவரை நட்சத்திரங்களைப் பார்க்காதீர்கள். வழு அறிக்கைகளுக்கு அவர் அளித்த பதில்களையும், பிறர் அவருடைய நிரலைக் குறை சொன்னபோது அவர் என்ன செய்தார் என்பதையும் படியுங்கள். ஓராண்டு வாதங்களை விலைக்கு வாங்குவது கடினம்.

மணற்கேணி:

இவ்வளவு துப்பறிய வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை. வெளியீட்டு உரிமை கேட்பவர் தம் உண்மைப் பெயரைச் சொல்லட்டும், ஒரு காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டட்டும், ஏதேனும் ஓர் அரசு அடையாள அட்டையைக் காட்டட்டும். வீடு வாடகைக்குக் கேட்பவரிடமே ஆதார் நகல் கேட்கும் நாட்டில், பல நூலகங்களின் கோப்புகளைத் தொடும் மென்பொருளைக் கையில் கொடுக்கும்போது கேட்பதில் என்ன தவறு? தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். நான் பல ஆண்டுகள் வங்கித் துறையில் பணியாற்றியவன். ஆவணம் இல்லாத நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நிலாமுற்றம்:

மணற்கேணி ஐயாவின் கவலையை மதிக்கிறேன். ஆனால் அவர் கேட்கும் வழியில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. தன்னார்வலர்கள் சிலர் நடத்தும் ஒரு திட்டத்துக்கு அடையாள அட்டையின் நகலைப் பெற்றுப் பாதுகாப்பாக வைக்கும் வசதியும் இல்லை, அது உண்மையானதா என்று சோதிக்கும் திறனும் இல்லை. திரையில் காட்டப்படும் ஓர் அட்டையைப் பார்த்து நீங்களோ நானோ எதை உறுதி செய்துவிட முடியும்? மேலும், புனைபெயரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் எதையோ மறைப்பவர்கள் அல்லர். உண்மைப் பெயரில் தொழில்நுட்பக் குழுக்களில் எழுதத் தொடங்கிய பெண்களுக்கு எத்தகைய தனிச்செய்திகள் வரும் என்பதை இங்குள்ள பெண்கள் அறிவார்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒப்பந்தம், ஊர், சாதி தெரியும் பெயர் என்று காரணங்கள் வேறு பலவும் உண்டு.

புனைபெயரிலும் உறுதியான நம்பிக்கை சாத்தியம் என்பதற்குப் பிட்காயினே சான்று. அதை உருவாக்கிய சதோஷி நகமோடோ யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனாலும் 'நான்தான் அவர்' என்று ஒருவர் வந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்: தொடக்க காலச் சாவி ஒன்றால் ஒரு புதிய செய்தியில் கையொப்பமிட்டுக் காட்டுங்கள். கிரெய்க் ரைட் என்பவர் பல ஆண்டுகள் அந்தப் பெயருக்கு உரிமை கோரினார். பொதுவில் எவரும் சரிபார்க்கக்கூடிய அப்படியொரு கையொப்பம் அவரிடமிருந்து வரவேயில்லை. 2024 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் சதோஷி அல்லர் என்று தீர்ப்பளித்தது. அட்டையில் உள்ள பெயரும் முகமும் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரால் நிறுவ முடியாததை, முகமே தெரியாத உண்மையான சதோஷி ஒரு வரியில் நிறுவிவிட முடியும்.

வேறொரு பக்கமும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் எஸ்ஜே என்ற பயனர் தம்மை ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சமயத்துறைப் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2006இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க வார இதழ் அவரைப் பற்றி அப்படியே எழுதியது. 2007இல் அவர் 24 வயது இளைஞர், பேராசிரியர் அல்லர் என்பது வெளியானது. புனைபெயர் வைத்துக்கொண்டதற்காக யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. விக்கிப்பீடியாவின் விதிகள் அதை அனுமதிக்கின்றன. இல்லாத பட்டத்தைக் காட்டி உள்ளடக்கம் பற்றிய வாதங்களில் எடை சேர்த்துக்கொண்டதுதான் அவரை வெளியேற்றியது.

வெண்ணாறு:

நிலாமுற்றம் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தொடர்ச்சியை நிறுவிவிட்டால் போதும், நேற்று நல்லது செய்த அதே கைதான் இன்றும் செய்கிறது என்று தெரிந்தால் போதும் என்று நாங்கள் பலர் நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2024 மார்ச் 29 அன்று அந்த எண்ணம் உடைந்தது.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது லினக்ஸ் உலகம் முழுவதும் பயன்படும் கோப்புச் சுருக்க நிரல்தொகுதி. லாஸி காலின் என்ற ஒருவர் அதை ஊதியமில்லாமல் பராமரித்து வந்தார். 2021 அக்டோபர் இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அதன் மின்னஞ்சல் குழுவுக்குச் சிறு திருத்தம் ஒன்றை அனுப்பினார். பிறகு இன்னொன்று, பிறகு மற்றொன்று. 2022இல் வேறெங்கும் தடமில்லாத சில பெயர்கள் அதே குழுவில் தோன்றி, திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, புதிய பராமரிப்பாளர் தேவை என்று காலினை நெருக்கின. அவர் தம் மனநலச் சிக்கல்களைக் குறிப்பிட்டு, இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது. 2023 தொடக்கத்துக்குள் ஜியா டானுக்கு நேரடி எழுதும் உரிமை கிடைத்தது. அடுத்து வெளியீட்டு உரிமையும் வந்தது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும் மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும், எஸ்எஸ்எச் வழியாகக் கணினிக்குள் நுழைய உதவும் பின்கதவு ஒளிந்திருந்தது.

நம் விவாதத்துக்குத் தேவையான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வெளியீட்டுக் கோப்புகளில் ஜியா டானின் பிஜிபி கையொப்பம் இருந்தது, அது முற்றிலும் செல்லுபடியாகும் கையொப்பம். தொடர்ச்சி உடையவில்லை, சாவி திருடப்படவில்லை, கணக்கு விற்கப்படவில்லை. அந்தப் பெயருக்குச் சேர்ந்திருந்த மதிப்பும் உண்மையான உழைப்பால் வந்ததுதான். 2023இல் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்ற தானியங்கிச் சோதனைத் திட்டத்தில், பின்கதவைக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய ஓர் அம்சத்தை முடக்கும்படி அவர் கோரியபோது அதுவும் ஏற்கப்பட்டது. கேட்டவர் பராமரிப்பாளர் என்பதால் ஐயப்படக் காரணமில்லை. ஓரிடத்தில் ஈட்டிய பெயர் அடுத்த இடத்தில் கேள்வியில்லாமல் செல்லுபடியானது.

பிடிபட்டது எப்படி என்பதும் சொல்லத்தக்கது. போஸ்ட்கிரஸ் தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தார். அவர் ஜியா டானின் பின்னணியை ஆராய்ந்து அங்கு வந்து சேரவில்லை. பொருளை அளந்து பார்த்தார். பின்கதவைத் தூண்டும் கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கான கோப்புத்தொகுப்பான டார்பாலில் மட்டுமே இருந்தது. இரண்டையும் ஒப்பிடும் வழக்கம் எவருக்காவது இருந்திருந்தால் வேறுபாடு முன்பே தென்பட்டிருக்கும்.

ஆகவே, இதே ஆள்தானா, யார் இவர், இவர் தரும் பொருள் பாதுகாப்பானதா என்ற கேள்விகளைக் கலக்கக் கூடாது. கையொப்பம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். மணற்கேணி ஐயா கேட்கும் அட்டை, உண்மையாக இருந்தால், இரண்டாவதற்கு விடை சொல்லும். மூன்றாவதற்கு ஆளைப் பார்த்து விடை காணவே முடியாது.

மணற்கேணி:

இந்த வரலாறு என் கருத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஜியா டானிடம் முதலிலேயே அடையாளம் கேட்டிருந்தால் அந்த முயற்சி அங்கேயே நின்றிருக்கும்.

வெண்ணாறு:

நின்றிருக்கலாம். ஆனால் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக ஒரு பெயரை வளர்க்க வசதியுள்ளவர்களுக்கு ஓர் அட்டையைத் தயாரிப்பது பெரிய தடையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கமிட்டுகளின் நேரக்குறிகளில் நேர மண்டலம் பெரும்பாலும் +0800 (உலக நேரத்தைவிட 8 மணி முன்னால்) என்றும், ஒருசிலவற்றில் +0200, +0300 என்றும் இருந்ததை வைத்துப் பலர் பல ஊகங்களைச் செய்தார்கள். நேரக்குறியும் எழுதியவர் விரும்பியபடி வைக்கக்கூடியதே என்பதால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

மரத்தடி:

அடையாள அட்டையை நேரில் பார்ப்பதையே முறையாகக் கொண்ட ஒரு பெரிய திட்டம் உண்டு என்பதால் இடையில் நுழைகிறேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் உருவாக்குநராகச் சேர விரும்புபவரின் பிஜிபி சாவியில், ஏற்கெனவே உருவாக்குநராக உள்ளவர்கள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். இருவர் நேரில் சந்தித்து, அட்டையைப் பார்த்து, சாவியின் கைரேகை எண்ணை ஒப்பிட்டு, பிறகு கையொப்பமிடுவது வழக்கம். 1991இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபியை வெளியிட்டதற்குப் பின் வளர்ந்த 'நம்பிக்கை வலை' என்ற கருத்தே இதன் அடிப்படை: எனக்குத் தெரிந்தவர் உங்களை அறிந்திருந்தால் நானும் உங்களை ஓரளவு அறிவேன்.

இதன் வலுவும் வலுவின்மையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 2006இல் மெக்சிகோவில் நடந்த, டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃபில், உருவாக்குநர் ஒருவர் எந்த நாடும் வழங்காத ஓர் அட்டையை வேண்டுமென்றே காட்டிச் சாவிக் கையொப்பம் கேட்டார். பலர் அதைக் கவனிக்காமலே ஏற்றார்கள். அதன்பின் எழுந்த விவாதம் பல வாரங்கள் நீடித்தது. அயல்நாட்டு அட்டை உண்மையானதா என்று ஒரு சாதாரண நிரலாளருக்கு எப்படித் தெரியும்?

பயணச் செலவும் உண்டு. ஐரோப்பாவில் இருப்பவருக்கு எளிதாகக் கிடைக்கும் இரண்டு கையொப்பங்கள், தமிழ்நாட்டின் சிற்றூரில் இருப்பவருக்குப் பல ஆண்டுகள் கிடைக்காமல் போயிருக்கின்றன. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெப்கான்ஃப் நடந்ததும் நம் பக்கத்து இளைஞர்களுக்கு இந்த வகையிலும் பயன்பட்டன. ஆனாலும் டெபியன் கையொப்பத்தோடு நிறுத்துவதில்லை. விண்ணப்பதாரர் செய்த வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க ஏற்கெனவே உள்ளவர்கள் முன்வர வேண்டும். அடையாளமும் பணியும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகின்றன என்பதுதான் அங்கே கற்கத்தக்கது.

பொது நம்பிக்கை வலை இப்போது பெரிதும் தளர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் அந்தச் சமூகத்தில் பலருக்கும் தெரிந்த இருவரின் சாவிகள்மீது யாரோ பெருந்தொகையான போலிக் கையொப்பங்களைக் குவித்து, அச்சாவிகளைப் பயன்படுத்தவே முடியாதபடி செய்தார்கள். பொதுச் சாவிகளைச் சேமித்துத் தரும் பழைய வழங்கிகளில் சேர்ந்த எதையும் நீக்க வழியில்லை. அதே ஆண்டு தொடங்கிய புதிய வழங்கி, பிறர் இடும் கையொப்பங்களைத் தாங்கி நிற்பதில்லை. மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது.

கடைவீதி:

நான் நிரலாளன் அல்லன். இணையத்தில் பழைய நாணயங்களையும் அஞ்சல் அட்டைகளையும் விற்பவன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். இணைய ஏலத் தளமான ஈபே 1996இலேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல பெயரின் விலை என்ன என்று ஆய்வாளர்கள் அங்கேயே சோதித்தார்கள். ஒரே விற்பனையாளர், ஒரே வகைப் பழைய அஞ்சல் அட்டைகளைத் தம் பழைய கணக்கிலும் புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தார். பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் ஏறத்தாழ 8 விழுக்காடு அதிகம் தர முன்வந்தார்கள் என்று 2006இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது.

இருபக்க மதிப்பீட்டுக்கு ஒரு நோயும் இருந்தது. குறை சொன்னால் எதிரிலிருப்பவர் பழிவாங்கிக் குறை எழுதுவார் என்ற அச்சத்தில் எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்தார்கள். 2008இல் வாங்குபவர்மீது விற்பவர் குறை எழுதும் உரிமையை ஈபே நீக்கியது. விற்பவன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பின் வந்த குறைகளை நம்ப முடிந்தது என்பதை மறுக்க மாட்டேன். யாரும் குறையே சொல்லாத பெயரைக் கண்டால் எனக்கு இன்றும் ஐயம்தான் வரும். நம் நாட்டில் 2022 நவம்பரில் வந்த ஐஎஸ் 19000 என்ற தரம், மதிப்புரை எழுதுபவர் உண்மையான ஆளா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. அதைப் பின்பற்றுவது தளங்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

நிலாமுற்றம்:

கடைவீதி ஐயா சொன்னதில் நமக்குப் பயன்படும் நுட்பம் ஒன்று இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்குவது இலவசமாக இருக்கும் இடத்தில், எல்லாப் புதியவர்களையும் ஐயத்தோடு நடத்த வேண்டியிருக்கிறது. நேர்மையான புதியவர், ஏமாற்றிவிட்டு ஓடியவர்கள் வைத்துப்போன கடனைக் கட்டுகிறார். ஏட்டுச்சுவடி தம் பங்களிப்பாளரிடம் கடுமையாகக் கேள்வி கேட்கும்போது, அந்தக் கடுமை அவர்மீதான குற்றச்சாட்டு அல்ல என்பதையும் சொல்லிவிடுவது நாகரிகம்.

சிறுவாணி:

கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி. இதுவரை படித்ததில் எப்படிச் சரிபார்ப்பது என்பது புரிந்தது. எதுவுமே இல்லாத என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது? நீல நிறச் சரிபார்ப்புக் குறி வாங்கினால் ஏதேனும் பயன் உண்டா என்று என் வகுப்பில் கேட்கிறார்கள்.

வெண்ணாறு:

தங்கைக்கு முதலில் நீலக் குறி பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் டுவிட்டர் மாதம் 8 டாலருக்கு அந்தக் குறியை விற்கத் தொடங்கிய சில நாட்களுக்குள், எலை லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் கணக்குத் தொடங்கி, குறியையும் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தார். நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கட்டணம் கட்டினார் என்பதற்கு மேல் அந்தக் குறி எதையும் சொல்வதில்லை.

செய்யத்தக்கது வேறு. முடிந்தால் சொந்த டொமைன் ஒன்றைப் பதிந்து, அதைக் காலாவதியாக விடாமல் வைத்திருங்கள். உங்கள் கணக்குகள் எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்து சுட்டி, ஒவ்வொரு கணக்கிலிருந்தும் அந்தப் பக்கத்தைத் திரும்பச் சுட்டுங்கள். மாஸ்டடான் சமூக வலைத்தளம் இந்த இருவழிச் சுட்டியைத் தானே சோதித்துப் பச்சையாகக் காட்டும்; இரண்டும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன என்பதற்கு அது போதிய சான்று. இந்தப் பிணைப்பை வேறொரு நிறுவனத்திடம் முழுவதுமாக ஒப்படைக்காதீர்கள். 2014இல் தொடங்கிய கீபேஸ் சேவை இதை அழகாகச் செய்தது. 2020இல் ஜூம் அதை வாங்கியபின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோனது. ஆய்வுக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால் ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்றை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்களாகச் சேர்த்தது எது, பல்கலைக்கழகமோ பதிப்பகமோ சேர்த்தது எது என்று தனித்தனியாகத் தெரியும் என்பதே அதன் மதிப்பு.

எல்லாவற்றையும்விட, பிறர் நிரலைப் பொறுமையாகப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். வழு அறிக்கையை, எந்தப் பதிப்பில், எதைச் செய்தபோது, என்ன எதிர்பார்த்து என்ன நடந்தது என்று முழுமையாக எழுதுங்கள். பராமரிப்பாளர்கள் இத்தகையவர்களை மறப்பதில்லை.

மரத்தடி:

சாவி உருவாக்கும் அன்றே அதை ரத்து செய்யும் சான்றிதழையும் உருவாக்கி வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதைச் சேர்க்கிறேன். மடிக்கணினி தொலைந்த பிறகு இதை நினைப்பவர்களே அதிகம்.

ஏட்டுச்சுவடி:

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழு கூடிப் பேசியது. பங்களிப்பாளரின் கமிட்டுகள் அனைத்தும் ஒரே சாவியால் கையொப்பமிடப்பட்டவை என்பதை உறுதி செய்தோம். அவருடைய வலைத்தளத்தின் பழைய பக்கங்களும் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. அடையாள அட்டை கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். மணற்கேணி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதும் உரிமையைத் தருகிறோம். வெளியீட்டு உரிமையை இனி எங்களில் எவருக்கும் தனியாக வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பையும் களஞ்சியத்திலிருந்து இருவர் தனித்தனிக் கணினிகளில் உருவாக்கி, இரண்டும் பிட் மாறாமல் ஒன்றாக இருந்தால் மட்டுமே கையொப்பமிடுவது என்பது புதிய விதி. நான் முன்பு தனியாக வெளியிட்ட கடைசிப் பதிப்பையும் அதே முறையில் மீண்டும் உருவாக்கிப் பார்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

இதை அவரிடம் தெரிவித்தபோது, அந்த விதியை முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்ததாகப் பதில் எழுதினார். கூடவே, எங்கள் உருவாக்க நிரல் கோப்புகளில் நேரத்தைப் பதிப்பதால் இரண்டு கணினிகளின் விளைவு ஒருபோதும் ஒன்றாக வராது என்று சுட்டிக்காட்டி, அதற்கான திருத்தத்தையும் இணைத்திருக்கிறார். அதைப் படித்துப் பார்க்க இன்னும் ஒருவர் தேவை. மரத்தடிக்கு நேரமிருந்தால் தெரிவிக்கவும்.